அஞ்சு கட்டையும் ஒரு கோட்டையும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலங்காத்தால போன். அமெரிக்காவுல பொட்டி தட்டுற கல்லூரி நண்பன். நலம் விசாரிப்பெல்லாம் ரெண்டே நிமிஷம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "மச்சான், ஒரு பிசிக்ஸ் சந்தேகம்" என்றான். பன்னெண்டாவதுல எனக்கு பிசிக்ஸ்ல என்ன மார்க்னு அவனுக்கு நல்லாவே தெரியும். அப்படியும் கேக்கறான்னா விஷயம் பெருசுதான்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

விஷயம் இதுதான். அவன் ஆபிஸ்ல நாலு வெள்ளைக்காரங்க சனிக்கிழமை ஆனா துப்பாக்கி சுடப் போறாங்களாம். இவனையும் கூப்பிட்டிருக்காங்க. ஒரு மேஜை மேல அஞ்சு பவுலிங் கட்டை நிக்கும். இருபத்தஞ்சு அடி தள்ளி நின்னு கைத்துப்பாக்கியால சுடணும். அஞ்சும் மேஜையை விட்டு கீழே விழுற வரைக்கும் கடிகாரம் ஓடும். யாருக்குக் குறைஞ்ச நேரமோ அவங்க ஜெயிச்சாங்க. 1970-களில் மிச்சிகன் மாநிலத்தில், குண்டு துளைக்காத சட்டை விக்கிற ரிச்சர்ட் டேவிஸ் என்பவர் பிரபலப்படுத்திய விளையாட்டு இது. அவர் நடத்திய பெரிய போட்டி 1998 வரைக்கும் நடந்திருக்கு.

"எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு எடுக்கறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றானுங்க. நீ கணக்குப் போட்டுச் சொல்லு."

தீபாவளிக்கு பிஜிலி வெடியைக்கூட நீட்டமான ஊதுபத்தி வெச்சு, முகத்தைத் திருப்பிக்கிட்டு கொளுத்துற ஆளு இவன். சிரிப்பை அடக்கிக்கிட்டு கணக்குப் போட்டேன். கணக்கு உண்மையிலேயே சுவாரசியமா இருந்ததால உங்களுக்கும் சொல்றேன். கணக்கு பிடிக்காதவங்க அடுத்த ரெண்டு பத்தியை தாண்டிக் குதிச்சிடலாம், கோவிச்சுக்க மாட்டேன் :-)

ஒரு பவுலிங் கட்டை சுமார் 1.6 கிலோ. அது மேஜையிலேயே சாஞ்சு படுத்துட்டா போச்சு, உருண்டுகிட்டே கெடக்கும், இன்னொரு குண்டு செலவு. அதனால தள்ளணும், பறக்க விடணும். 9 எம்எம் துப்பாக்கியின் சாதாரணக் குண்டு 115 கிரெயின், அதாவது ஏழரை கிராம். வேகம் நொடிக்கு 350 மீட்டர் அளவில். .45 துப்பாக்கியின் குண்டு 230 கிரெயின், கிட்டத்தட்ட 15 கிராம். ஆனா மெதுவாத்தான் போகும், நொடிக்கு 260 மீட்டர். ஆற்றலைக் கணக்குப் பண்ணினா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், 450-லிருந்து 500 ஜூல். உந்தத்தை எடுத்துக்கிட்டா கதையே வேற. 9 எம்எம் 2.6, .45 3.9. ஒண்ணரை மடங்கு! கட்டையைத் தள்ளுறது உந்தம்தான், ஆற்றல் இல்ல. மிச்ச ஆற்றலெல்லாம் மரத்தைப் பிச்சு, சூடாக்கி வீணாப் போயிடும். அதனால கனமான, மெதுவான குண்டுதான் இந்த விளையாட்டுக்கு ராசா.

ஆனா அதுலயும் ஒரு சிக்கல். கனமான குண்டு கையையும் அதே உந்தத்தோட பின்னால ஒதைக்கும். ஒதைச்ச துப்பாக்கியைத் திரும்ப நேராக்கி அடுத்த கட்டையைக் குறி பார்க்க நேரம் ஆகும். நேரம்தானே பந்தயம்? அதனால கட்டையைத் தள்ளப் போதுமான கனம், கைக்கு அடங்குற ஒதை, இது ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடத்தைப் புடிக்கணும். நம்ம தொழில்ல 'டிரேட்-ஆஃப்'னு ஸ்லைடு போடுவாங்களே, அதேதான்.

இதைச் சொல்லி முடிச்சதும் அவன், "சரிடா, குண்டு ஓகே. மருந்து? வேகமா எரியற மருந்தா, மெதுவா எரியற மருந்தா?" என்றான்.

மருந்து. அந்த ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். இங்கிருந்து கொசுவத்தி ஆரம்பம்.

*

எங்க அம்மாவுக்குச் சொந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம். சென்னையிலிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியா அறுபது கிலோமீட்டர். தாத்தா ஏரியில வலை போட்டவர். கோடை லீவுக்குப் போனா காலையில மீன், மத்தியானம் இறால், ராத்திரி மிச்ச மீன். சாயங்காலம் தாத்தா கையைப் புடிச்சிக்கிட்டு கோட்டைமேட்டுப் பக்கம் நடப்போம். கோட்டைன்னா செஞ்சி மாதிரி எல்லாம் நெனச்சுக்காதீங்க. ஒரு மேடு, அது முழுக்க முள்ளுச்செடி, அங்கங்க பழைய செங்கல், சுத்தி அகழி இருந்ததுக்கான பள்ளம். அவ்வளவுதான். ஆனா ஊருக்கு அது கோட்டை. பக்கத்துக் குப்பத்தோட பேரே கோட்டைக்குப்பம்.

"இங்க என்ன தாத்தா பண்ணாங்க?"

"டச்சுக்காரன் மருந்து பண்ணான்டா. இங்க பண்ணித்தான் கப்பல் கப்பலா அனுப்பினான்."

நான் என்ன புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லணுமா? அஞ்சாம் வகுப்புல டீச்சர் 'உங்கள் ஊர் வரலாறு' எழுதச் சொன்னாங்க. 'எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரி கட்டி, உலகம் பூராவும் மருந்து அனுப்பி, நோயாளிகளைக் காப்பாற்றினார்கள்' என்று அரைப் பக்கம் எழுதினேன். டீச்சர் அதை வகுப்புல சத்தமா படிச்சு, 'டச்சுக்காரன் வந்தது துணி வாங்க' என்று சொல்ல, வகுப்பே சிரிச்சுது. தாத்தா பொய் சொல்லிட்டாருன்னு ரெண்டு நாள் அவர்கூடப் பேசல. ஏன் பேசலன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

தாத்தா சொன்னது உண்மைன்னு எனக்குத் தெரிய வந்தது இன்ஜினியரிங் முடிச்சு, வேலைக்குச் சேர்ந்து, ஆணி இல்லாத ஒரு மத்தியானம் எதையோ தேடப் போய் எதையோ படிச்சப்போதான். அதுக்குள்ள அவர் போய்ச் சேர்ந்துட்டார். அன்னிலேருந்து கெடைச்சதையெல்லாம் படிச்சுக்கிட்டு வரேன். அதோட சுருக்கம் கீழே.

*

டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1602-ல் தொடங்கினது. அவனுக்கு வேண்டியது இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காய், கிராம்பு, மிளகு. ஆனா அந்தத் தீவுக்காரங்க வெள்ளியை விட விரும்பிக் கேட்டது நம்ம சோழமண்டலக் கரைத் துணியை. அதனால துணி வாங்க இந்தப் பக்கம் வந்தான். 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி பழவேற்காட்டில் கடை விரிச்சான். (மலேசியாவில் கைலியை 'காயின் பெலிக்கட்' என்பார்கள். அந்தப் 'பெலிக்கட்' நம்ம புலிக்கட், அதாவது பழவேற்காடுதான். ஆக டீச்சர் சொன்னதும் உண்மை!)

பக்கத்துல மயிலாப்பூர் சாந்தோமில் ஏற்கனவே உக்காந்திருந்த போர்த்துக்கீசியனுக்கு இது பொறுக்குமா? 1612-ல் படையோட வந்து டச்சுக் கிடங்கை அடிச்சு நொறுக்கிட்டான். அடி வாங்கினவன் அடுத்த வருஷமே கோட்டையைக் கட்டி முடிச்சான். அதுதான் 1613-ன் கெல்ட்ரியா கோட்டை. அப்போ இங்கே தலைவனா இருந்த வெம்மர் வான் பெர்க்கம் தன்னோட சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பேரை அதுக்கு வெச்சான். 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைநகரம் நம்ம பழவேற்காடுதான். அங்கே சொந்தமா நாணயம்கூட அடிச்சாங்க.

இப்போ மருந்து. 1620-களில் இந்தக் கோட்டையில் டச்சுக்காரன் வெடிமருந்துத் தொழிற்சாலை ஆரம்பிச்சான். சின்ன அளவில் இல்ல. பல பத்தாண்டுகளுக்கு, கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த பெரிய டச்சு மையங்களுக்கும், ஊர் திரும்பும் கப்பல்களுக்கும் மருந்து சப்ளை பண்ணும் அளவுக்கு. தாத்தாவின் 'கப்பல் கப்பலா' மிகையே இல்ல.

ஏன் பழவேற்காடு? சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லிடலாம்: ஆஃப்ஷோர். ஹாலந்துலேருந்து நன்னம்பிக்கை முனையைச் சுத்திக் கப்பல் வர ஆறேழு மாசம். வெடிமருந்தோ ஈரத்தை உறிஞ்சும். அவ்வளவு நாள் கடல் காத்துல கெடந்தா கட்டி தட்டிப் போகும். கட்டி தட்டின மருந்து போருக்கு ஆகாது. ஆனா அதுக்கு வேண்டிய முக்கியமான கச்சாப்பொருள் இங்கேயே கெடைக்கும்போது எதுக்கு அங்கேருந்து கொண்டு வரணும்?

அந்தக் கச்சாப்பொருள் வெடியுப்பு. நூறு பங்கு மருந்தில் எழுபத்தஞ்சு பங்கு இதுதான். மிச்சம் பதினஞ்சு கரி, பத்து கந்தகம். (இது பின்னாளில் நிலைச்ச கணக்கு. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.) கரியும் கந்தகமும் எரிபொருள். வெடியுப்பு அதுக்கு ஆக்சிஜன் குடுக்கறது. அடுப்புல விறகு காத்துலேருந்து ஆக்சிஜன் எடுத்துக்கும். துப்பாக்கிக் குழாய்க்குள்ள காத்துக்கு எங்கே போறது? ஆக்சிஜனைத் தன் மடியிலேயே கட்டிக்கிட்டு வருது வெடியுப்பு. அதனாலதான் மூடின குழாய்க்குள்ளயும் கண் மூடித் திறக்கறதுக்குள்ள எரிஞ்சு, வாயுவாகி, குண்டைத் தள்ளுது.

வெடியுப்பு எடுக்கிற விதத்தைப் படிச்சப்போ ஆடிப்போயிட்டேன். மாட்டுக்கொட்டாய் மண்ணும் பழைய குட்டிச்சுவர் மண்ணும்தான் அதுக்கு மூலம். சாணி, கோமியம் ஊறின மண்ணுல நுண்ணுயிர்கள் வேலை செஞ்சு நைட்ரேட் உண்டாகும். வெயில் காலத்துல அது வெள்ளையாப் பூத்து நிக்கும். அந்த மண்ணைச் சுரண்டி, தண்ணியில கரைச்சு, வடிகட்டி, மரச்சாம்பல் சேர்த்து, பெரிய கொப்பரையில காய்ச்சி ஆறவிட்டா ஊசி ஊசியா உப்பு படியும். அதுல சாப்பாட்டு உப்பு கலந்திருந்தா மருந்து ஈரத்தை இழுக்கும், அதனால திரும்பக் காய்ச்சி சுத்தம் பண்ணணும். நம்ம மாட்டுக்கொட்டாய் ஐரோப்பியப் பீரங்கியைச் சுட வெச்சிருக்கு!

கந்தகம் மட்டும் நம்ம பக்கத்தில் கெடைக்காது, கப்பலில்தான் வரணும். கரிக்கு லேசான மரம் வேணும். நம்ம வாணக்காரங்க எருக்கங்கரி தேடறதும், ஐரோப்பாவில் வில்லோ மரக்கரி தேடினதும் ஒரே காரணத்துக்குத்தான்.

இப்போ நண்பன் கேட்ட கேள்விக்கு வருவோம். வேகமா எரியற மருந்தா, மெதுவா எரியற மருந்தா? நானூறு வருஷம் முன்னால கெல்ட்ரியா கோட்டைச் சிப்பாய்க்கும் இதே கேள்விதான்.

மூணையும் மாவா அரைச்சு அப்படியே கலந்து வெச்சா ரெண்டு பிரச்சினை. வண்டியிலயும் கப்பல்லயும் குலுங்கும்போது மூணும் பிரிஞ்சிடும். மாவு ஈரத்தையும் சீக்கிரம் உறிஞ்சும். அதனால கலவையை நனைச்சு, அழுத்தி, அடையாக்கி, உடைச்சு, சல்லடையில சலிச்சு மணி மணியா ஆக்குவாங்க. மணியோட அளவுலதான் சூட்சுமமே இருக்கு. சுள்ளி பட்டுனு எரியும், கட்டை நின்னு எரியும் இல்லையா? அதே மாதிரி பொடி மணி வேகமா எரியும், பெரிய மணி மெதுவா எரியும். பீரங்கிக்குப் பெரிய மணி. கைத்துப்பாக்கிக்கும், பத்தவெக்கிற கிண்ணத்துக்கும் பொடி மணி. மாத்திப் போட்டா? பீரங்கியில பொடி மருந்தை நிறைச்சா குண்டு நகர்றதுக்குள்ள அழுத்தம் ஏறி பீரங்கியே வெடிச்சிடும், பக்கத்துல நிக்கிறவனும் காலி.

அந்தக் காலத்து டச்சுக்காரன் இதையெல்லாம் கணக்கா வெச்சிருந்தான். 1599-லேயே அவங்க குடியரசு துப்பாக்கி அளவுகளை ஒரே சீரா ஆக்கிடுச்சு. மஸ்கெட் துப்பாக்கிக்கு ஒரு பவுண்டு ஈயத்துல 12 குண்டு. கணக்குப் போட்டா ஒரு குண்டு சுமார் 40 கிராம். நம்ம நண்பன் தூக்கப்போற .45 குண்டை மாதிரி ரெண்டரை மடங்குக்கும் மேல! பவுலிங் கட்டை என்ன, மேஜையே பறந்திருக்கும். (இன்னிக்கும் '12 போர் துப்பாக்கி'ன்னு சொல்றோமே, அந்தப் பன்னெண்டும் இதே மாதிரி பவுண்டுக்கு எத்தனை குண்டுங்கிற கணக்குதான்.) கனம் தாங்காம, குழாயைத் தாங்க ஒரு கவட்டைக்கோலும் கூடவே தூக்கிட்டுப் போவான். 1607-ல் யாக்கோப் தெ கெய்ன் என்பவர் படம் போட்டு வெளியிட்ட பயிற்சிப் புத்தகத்துல மஸ்கெட்டைக் கையாள 43 நிலை! ஒரு தடவை சுட்டுட்டு அடுத்த தடவைக்குத் தயாராகறதுக்குள்ள நம்ம பின் போட்டி முடிஞ்சு எல்லாரும் பர்கர் சாப்பிடப் போயிருப்பாங்க.

கைத்துப்பாக்கி கதை இன்னும் வேடிக்கை. மஸ்கெட்டைப் பத்தவெச்சது வெடியுப்புத் தண்ணியில ஊறவெச்ச திரி. அது புகைஞ்சுகிட்டே இருக்கும். இடுப்புல செருகுற துப்பாக்கிக்கு எரியற திரி சரிப்படுமா? வேட்டியில பத்திக்கும்! அதனால கைத்துப்பாக்கிக்கு சக்கரம் சுழன்று பொறி பறக்கிற விசையோ, சிக்கிமுக்கிக் கல் விசையோ வேணும். கடிகாரம் மாதிரி நுணுக்கமான வேலை, விலை அதிகம். அதனால சாதாரணச் சிப்பாய்க்குத் திரித் துப்பாக்கி, கைத்துப்பாக்கி பெரிய ஆளுக்கு. நண்பன்கிட்ட இதைச் சொன்னேன். "அப்போ நான் டேமேஜரா?" என்றான்.

இந்தக் கோட்டையால நமக்கு இன்னொரு பக்க விளைவும் உண்டு. 1619-ல் டச்சும் இங்கிலாந்தும் ஒப்பந்தம் போட்டு, 1621-ல் ஆங்கிலேயனும் பழவேற்காட்டுல வந்து உக்காந்தான். ஒரே உறைக்குள்ள ரெண்டு கத்தி. ரெண்டே வருஷத்துல கெளம்பிட்டான். 1626-ல் ஏரிக்கு வடக்கே ஆர்மகான் என்கிற துர்க்கராஜபட்டினத்துக்குப் போய், அங்கயும் சரிப்படாம, 1639-ல் தெற்கே ஒரு மணல் திட்டை வாங்கினான். அந்த மணல் திட்டுதான் சென்னை. பழவேற்காட்டுல டச்சுப் பீரங்கி இல்லாம இருந்திருந்தா நான் ஓஎம்ஆர் டிராபிக்குக்குப் பதிலா பொன்னேரி டிராபிக்ல நின்னுக்கிட்டு இருந்திருப்பேனோ என்னமோ.

*

இதுவரைக்கும் படிச்சப்போ எனக்கு ஒரே பெருமை. எங்க ஊரு மருந்து, எங்க ஊரு மாட்டுக்கொட்டாய் மண், பாதி உலகத்துக்குப் போயிருக்குன்னு. அந்த அஞ்சாம் வகுப்பு டீச்சரைத் தேடிப் போய்ச் சொல்லணும்னு கூட இருந்தது. அப்புறம் அடுத்த பக்கத்தைப் படிச்சேன்.

1621-ல் டச்சுத் தளபதி யான் பீட்டர்சூன் கூன் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளைப் பிடிச்சான். ஜாதிக்காய் விளையற தீவுகள். அங்கே இருந்த சுமார் 15,000 பேரில் பெரும்பாலானவங்களைக் கொன்னோ, விரட்டியோ, நாடு கடத்தியோ துடைச்சு எடுத்தான். சரி, தோட்டம் கைக்கு வந்தாச்சு, வேலைக்கு ஆள்? அடிமைங்க வேணும். அடுத்த ரெண்டு வருஷத்துல, 1622-23-ல், நம்ம சோழமண்டலக் கரையில போரும் பஞ்சமும். சோத்துக்கு வழியில்லாத ஜனங்க பிள்ளைகளை வித்தாங்க, தங்களையே வித்துக்கிட்டாங்க. கம்பெனி வாங்கினான். பட்டாவியாவுக்குக் கப்பல் ஏத்தினான். பட்டாவியான்னா இன்னிக்கு ஜகார்த்தா. அதுக்கப்புறமும் பஞ்சம் வந்தப்போவெல்லாம் இதே கதை. 1646-ல், 1659-லிருந்து 1661 வரை. கரை நெடுக ஆயிரக்கணக்கில் போயிருக்காங்க. அந்த வியாபாரத்தின் தலைமை அலுவலகம் எது? துணிக்கும் மருந்துக்கும் எதுவோ, அதேதான். எங்க தாத்தா என்னைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன அந்த மேடு.

பாண்டாவை அழிச்சது பழவேற்காட்டு மருந்துன்னு நான் சொல்லல. தொழிற்சாலை காலமும் அதுவும் ஒத்துவராது. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தீவுகளைக் காவல் காத்த பீரங்கிகளுக்குப் போன மருந்தில் எங்க ஊர்ச் சரக்கும் இருந்திருக்கலாம். ஒரு கப்பல்ல எங்க மண்ணைக் காய்ச்சி எடுத்த மருந்து. இன்னொரு கப்பல்ல எங்க மண்ணோட மனுஷங்க. ரெண்டுக்கும் ஒரே கணக்குப் புத்தகம்.

ரெண்டு நாள் மனசு சரியில்ல. 'ஆஃப்ஷோர்' ஜோக்கையே இந்தப் பதிவிலிருந்து எடுத்துடலாமான்னு யோசிச்சேன். அப்புறம், இருக்கட்டும்னு விட்டுட்டேன். வேலை இங்கே நடக்கும், பேரும் லாபமும் அங்கே போகும்னு நாம கேன்டீன்ல உக்காந்து புலம்பறோமே, அந்த வார்த்தைக்கு எவ்வளவு பழைய வேர் இருக்குன்னாவது தெரியட்டும். நமக்காவது மாசக் கடைசியில சம்பளம் வருது, பிடிக்கலைன்னா பேப்பர் போட்டுட்டுக் கெளம்பலாம்.

மருந்தோட குணம் ஒண்ணு, அது ஆள் பார்க்காது. 1654 அக்டோபர் 12 அன்னிக்கு டச்சுக்காரனோட சொந்த ஊர்லயே, டெல்ஃப்ட் நகரத்து மருந்துக் கிடங்கு வெடிச்சு ஊர்ல ஒரு பகுதியே தரைமட்டம். நூறு பேருக்கு மேல செத்தாங்க. கரெல் ஃபாப்ரிசியுஸ் என்கிற அருமையான ஓவியர் அதுல ஒருத்தர். அவர் பேரு இன்னிக்கும் உலகத்துக்குத் தெரியும்.

*

நண்பன் போன் பண்ணின அடுத்த வாரம் பைக்கை எடுத்துக்கிட்டு பழவேற்காடு போனேன். டச்சுக் கல்லறைக்குத்தான் முதல்ல. தொல்லியல் துறை பராமரிக்கிற இடம். வாசலில் ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். 'உனக்கும் இதான் கதி'ன்னு சொல்றதுக்காம். உள்ளே பெரிய பெரிய கல்பலகைகள். குடும்பச் சின்னம், பேரு, பொறந்த ஊர், செத்த தேதி, எல்லாம் அவ்வளவு அழகான எழுத்துல. ஆம்ஸ்டர்டாமிலேருந்து இவ்வளவு தூரம் வந்து காய்ச்சல்லயோ பேதியிலயோ போன இளைஞர்கள். பாவமாத்தான் இருந்தது. முக்கால்வாசிப் பேருக்கு என் வயசு இருக்கலாம்.

அங்கே வெடியுப்பு காய்ச்சினவன் பேரு இல்ல. மருந்து இடிச்சவன் பேரு இல்ல. பீப்பாயைத் தோளில் தூக்கி, ஏரியைத் தாண்டி, அலையில படகு விட்டு, வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குக் கொண்டு போனவன் பேரும் இல்ல. ஏரியும் முகத்துவாரமும் பெரிய கப்பலுக்கு ஆழம் போதாது. அப்போ நம்ம ஆளுங்க படகு இல்லாம ஒரு பீப்பாய்கூட நகர்ந்திருக்காது. கப்பல்ல ஏத்தப்பட்ட அடிமைகளையும் அதே மாதிரிப் படகுலதான் கொண்டு போய் விட்டிருப்பாங்க. படகை ஓட்டினவன் என்ன நெனச்சிருப்பான்? அடுத்த பஞ்சத்துல தன் பிள்ளைன்னு நெனச்சிருப்பானோ?

கோட்டைமேட்டுக்கும் போனேன். 1781-க்கப்புறம் ஆங்கிலேயனும் டச்சுக்காரனும் இந்த இடத்தை மாத்தி மாத்திக் கை மாத்தி, 1824 ஒப்பந்தப்படி 1825-ல் கடைசியா ஆங்கிலேயன் கைக்கு வந்தது. இன்னிக்கு முள்ளுதான் ராஜா. பக்கத்துல ஒரு பெரியவர் வலைக்கு ஓட்டை தைச்சுக்கிட்டிருந்தார். பேச்சுக் குடுத்தேன். அவர் கோட்டையைப் பத்திப் பேசல, பாடு பத்திப் பேசினார். பாடுன்னா, ஏரியில எந்த நாள் எந்த இடத்துல யார் வலை கட்டலாம்ங்கிறதை முறை வெச்சுப் பிரிச்சுக்கிற பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம்னு பல தலைமுறையா நடந்து வருது. டச்சுக்காரன் கணக்குப் புத்தகம் ஆவணக் காப்பகத்துல இருக்கு. இவங்க கணக்கு இவங்க வாயில இருக்கு. எது இன்னும் ஓடுதுன்னு பார்த்தா, இதுதான்.

கெளம்பும்போது அவர், "நாளைக்குக் கடலுக்குப் போகக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தம்பி, ராக்கெட்டு விடறாங்களாம்" என்றார்.

மண்டையில மணி அடிச்சது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீண்டு கெடக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல் தேர்வு பண்ணி, 1971 அக்டோபர் 9-ல் முதல் ரோகிணி ராக்கெட் அங்கேருந்து போச்சு. பிஎஸ்எல்வியோட முதல் கட்டத்துல சுமார் 138 டன் திட எரிபொருள். அமோனியம் பெர்குளோரேட் ஆக்சிஜன் குடுக்கும், அலுமினியத் தூளும் ரப்பர் மாதிரிப் பசையும் எரியும். ஆக்சிஜனை மடியில கட்டிக்கிட்டுப் போற அதே வித்தை. அதுக்குள்ள வார்த்த எரிபொருள் கட்டிக்கு ராக்கெட்காரங்க வெச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? 'கிரெயின்'. அதோட வடிவத்தை மாத்தித்தான் எவ்வளவு வேகமா எரியணும்னு முடிவு பண்றாங்க. பீரங்கிக்குப் பெரிய மணி, துப்பாக்கிக்குப் பொடி மணி, அதே கதை. நானூறு வருஷமா இந்த ஏரியைச் சுத்தி மருந்து காய்ச்சிக்கிட்டேதான் இருக்காங்க. இப்பவும் வலைக்காரனுக்கு அன்னிக்கு லீவு. ஆனா இந்தத் தடவை மேலே போற வண்டியில நம்ம பேரு எழுதியிருக்கு, அது வித்தியாசம்தான்.

நண்பன் ராத்திரி போன் பண்ணினான். .45 எடுத்துக்கிட்டானாம். மூணு கட்டை விழுந்துச்சாம், ரெண்டு மேஜையிலயே படுத்துக்கிச்சாம். தோள்பட்டை வலியாம். நான் பழவேற்காட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "உங்க தாத்தா சொன்னது கரெக்ட்தான்டா" என்றான்.

அதைத் தாத்தாகிட்டச் சொல்ல முடியல. அதான் இங்கே எழுதி வெக்கிறேன்.

டிஸ்கி: திருவள்ளூர், பொன்னேரி, நெல்லூர்ப் பக்கத்து ஆளுங்க யாராவது படிச்சா ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பெருசுங்க உப்பு காய்ச்சினது, மருந்து இடிச்சது, கப்பலுக்குப் படகு ஓட்டினதுன்னு எதாவது சொல்லியிருந்தா, அது அபத்தமாத் தோணினாலும், எழுதிப் போடுங்க. 'மருந்து'ன்னா ஆஸ்பத்திரின்னு நெனச்சவன் கேக்கறேன். இருக்கிறவங்ககிட்ட இப்பவே கேட்டுடுங்க மக்களே.